குளிப்பாட்டாத மய்யித்து

அக்குறணையிலிருந்து மலைப்பக்கமாகப் பிரிந்து போகும் ஒரு கிளை வீதியில் இருக்கிறது அந்த மஹல்லா, ஒரு பள்ளிவாசலைச் சார்ந்த குடியிருப்பு. அங்கே ஓர் ஆண் மவுத்தானால், பள்ளி ஒலிபெருக்கி அறிவிப்பதற்கு முன்பே யாராவது ஓடிவந்து முஹைதீனின் கதவைத் தட்டிவிடுவார்கள். ஆண் மய்யித்துகளை, இறந்தவர்களின் உடல்களை, குளிப்பாட்டுகிறவர் அவர். முப்பத்தோரு வருஷமாக அவர் ஒருவர்தான். மற்றப்படி அவருடைய தொழில் ஒரு வாசனைச் சரக்குக் கடையின் பின்கட்டில் மிளகு புடைப்பதும் கராம்பு தரம் பிரிப்பதும். மவுத்துச் செய்தி வந்தால் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போவார். முதலாளி ஒன்றும் சொல்லமாட்டார். அவருக்கும் ஒரு நாள் முஹைதீன் தேவைப்படுவார் என்பது அவருக்குத் தெரியும்.

அவர் இதற்குப் படித்துத் தேர்ந்து வந்தவரல்ல. இருபத்தைந்து வயதில், மாத்தளை வீதியில் லொறி மோதிச் செத்த ஒருவரைக் கிட்டப்போய்த் தொட ஆளில்லாமல் ஊர் நின்றபோது, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னே போனார். அவ்வளவுதான். அன்று முதல் அது அவர் தலையில் விழுந்தது. இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீர், கடைசி வாளியில் கற்பூரம், வயிற்றை மெதுவாக அமுக்கும் பக்குவம், எல்லாம் கை தானாகப் படித்துக்கொண்டது. குளிப்பாட்டும்போது மய்யித்தோடு பேசுவார். "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க நானா. ஆ, சரி." யாருடைய முதுகில் படுக்கைப் புண் இருந்தது, எந்தப் பணக்காரரைப் பிள்ளைகள் வாரக்கணக்காகப் புரட்டிப் போடாமல் விட்டிருந்தார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். குளிப்பாட்டுகிறவன் கண்டதை வெளியில் சொல்லக்கூடாது. அவர் சொன்னதில்லை. ஆனாலும் பெரிய மனிதர்கள் தெருவில் அவரைக் கண்டால் ஸலாத்தைச் சுருக்கிக்கொண்டு நடையை எட்டிப் போடுவார்கள். கல்யாண வீடுகளில் அவர் உட்காரும் ஸஹனில், ஒரே தட்டைச் சுற்றி ஆறு பேர் சாப்பிட வேண்டிய இடத்தில், எப்போதும் இரண்டு இடம் காலியாக இருக்கும்.

அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டவன் மகன் அஸீம்.

அஸீம் நான்காம் வகுப்பில் படிக்கும்போது, ஒரு நாள் அவன் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து ஒரு துண்டு இறைச்சியை எடுத்துப் பக்கத்துப் பையனுக்குக் கொடுத்திருக்கிறான். அந்தப் பையன் அதை முகர்ந்து பார்த்து, "கற்பூரம் மணக்குது" என்று சொல்லிக் கீழே போட்டானாம். அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் அவனுக்குப் பெயர் மய்யித்து. வீட்டில் இதை அவன் சொல்லவில்லை. பல வருஷம் கழித்துத் தங்கை நிஹாராதான் சொன்னாள். இடைவேளையில் அவன் நூலகத்துக்குப் பின்னால் தனியே போயிருந்து சாப்பிட்டதை அவள் பார்த்திருக்கிறாள்.

கெட்டிக்காரப் பிள்ளை. கணக்கு அவனுக்கு விளையாட்டு மாதிரி. ஆனால் உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழகத்துக்குச் சில புள்ளிகள் குறைந்தன. மறுபடி எழுத மறுத்துவிட்டான். மாத்தளை வீதியில் ஒரு தொலைபேசி திருத்தும் கடையில் சேர்ந்தான். நுணுக்கமான கை. கடைக்காரர் அவனைக் கொண்டாடினார். இருபத்துமூன்று வயதில் அலவத்துகொடையில் ஒரு பெண் பேசினார்கள். எல்லாம் கூடி வந்து, கடைசியில் பெண்ணின் பெரியப்பா ஆளனுப்பினார். "மாப்பிள்ளயில ஒரு குறையுமில்ல. ஆனா எங்கட புள்ள அந்த வீட்டுல இருந்து சாப்பிடமாட்டன் எண்டு அழுகிறா."

முஹைதீனின் மனைவி பௌஸியா அன்றுதான் முதன்முதலாகக் கணவனைப் பார்த்துக் கேட்டாள்.

"இந்த வேலைய விட்டாத்தான் என்ன?"

"நான் விட்டா ஆரு செய்யிற?"

"அத ஊர் யோசிக்கட்டும்."

அஸீம் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தான். வாப்பா விடப்போவதில்லை என்பது அவனுக்கு அந்தப் பதிலிலேயே தெரிந்துவிட்டது.

அடுத்த வருஷம் மார்ச் மாதம் திகனையில் முஸ்லிம்களின் கடைகளுக்குச் சிங்களக் கும்பல் வைத்த தீ இந்தப் பக்கமும் வந்தது. ஊரடங்கு போட்டும் கும்பல் வந்தது. அன்று பிற்பகல் அஸீம் கடையைப் பூட்டிவிட்டு ஓடிவந்து வாப்பாவின் சரக்குக் கடைக்குள் நுழைந்தான். இருவரும் பின்கட்டில் மிளகு மூட்டைகளுக்கு இடையில் படுத்துக் கிடந்தார்கள். வீதியில் கண்ணாடி உடையும் சத்தம். ரப்பர் எரியும் மணம். அஸீம் எழுந்திருக்கப் பார்த்தான், ஏதோ கத்த வாயைத் திறந்தான். முஹைதீன் அவன் தலையை அமுக்கி வாயைக் கையால் பொத்தினார். மூன்று மணித்தியாலம் அந்தக் கை எடுபடவில்லை. மிளகுத் தூசியில் இருவருக்கும் கண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. வெளியே வந்தபோது அவன் வேலை செய்த கடை கரிந்து நின்றது.

மகனின் உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்றுதான் முஹைதீன் அன்று நினைத்தார். அவர் நினைத்ததில் தப்புமில்லை. ஆனால் அஸீம் அந்தக் கையை மறக்கவில்லை. வாரக்கணக்காக வீட்டில் கிடந்தான். கண்ணாடி பார்ப்பதில்லை. தாடி தன்பாட்டில் வளர்ந்தது. யாராவது கலவரத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவான்.

ஷிராஸ் என்பவன் அந்த நேரத்தில்தான் ஊருக்குள் வந்தான். எரிந்த கடைகளுக்கு நிவாரணம் கொண்டுவந்த கூட்டத்தோடு வந்து, கூட்டம் போன பிறகும் தங்கிவிட்டான். முப்பத்தைந்து வயதிருக்கும். வெளிநாட்டில் படித்தவன், சுத்தமான உடுப்பு, மெல்லிய குரல். ஒரு வீட்டு மேல்மாடியை வாடகைக்கு எடுத்துக் குர்ஆன் வகுப்பு நடத்தினான். அஸீமை யாரோ கூட்டிப்போனார்கள். முதல் நாள் போய்விட்டு வந்தவன் முகத்தில் வெளிச்சம் இருந்தது. பௌஸியா கேட்டாள், "என்ன சொல்லிக் குடுத்தாங்க மகன்?"

"ஒன்டும் சொல்லிக் குடுக்கல்ல உம்மா. சாப்பிட்டம். ஒரே ஸஹன்ல. ஷிராஸ் நானா தன்ட கையால இறைச்சியப் பிச்சு என்ட பக்கம் வெச்சார்."

பௌஸியாவுக்கு அது சந்தோஷமாக இருந்தது. முஹைதீனுக்கும்தான். ஸுபஹுத் தொழுகைக்கு அவர் எழுப்புவதற்கு முன்பே மகன் எழுந்து வுளூச் செய்துவிட்டு நிற்பதைக் கண்டு, பள்ளிக்கு நடந்து போகையில் பெருமைப்பட்டார். பின்னாளில் இதை நினைக்கும்போதெல்லாம் அவருக்கு வாயெல்லாம் கசக்கும். பகையை அவர்கள் முதல் நாளில் ஊட்டியிருந்தால் பிள்ளை துப்பிவிட்டு வந்திருப்பான். அவர்கள் ஊட்டியது இறைச்சி. பதினைந்து வருஷமாக ஒருவரும் அவனோடு பகிர்ந்து தின்னாத இறைச்சி.

அங்கே அவனுக்குப் புதுப் பெயர் ஒன்று வைத்தார்கள். மய்யித்து என்ற பெயர் போய், யாரோ ஒரு பழைய வீரனின் பெயர். கொஞ்சம் கொஞ்சமாக வீட்டில் சாமான்கள் குறைந்தன. நிஹாராவின் ரேடியோ போனது. சுவரில் இருந்த கல்யாணப் படம் போனது. அடுத்த வீட்டுச் சிங்களக் கிழவர் வழக்கம்போலக் கொண்டுவந்து தந்த பலாக்காயை வெளியில் வைத்துவிட்டான். ஊர்ப் பள்ளி இமாமின் பின்னால் தொழ மாட்டான். இதில் எதையும் அவன் கோபமாகச் செய்யவில்லை. முன்பு எரிந்து விழுகிற பையன், இப்போது தாழ்ந்த குரலில், சிரித்த முகத்தோடு, மரியாதையாகச் சொன்னான். அந்த மரியாதைதான் முஹைதீனை முதலில் உறுத்தியது. பெற்றவனோடு பேசுகிற பேச்சாக அது இல்லை. நோயாளியோடு பேசுகிற பேச்சு.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பிட்டபின், அஸீம் தன் தொலைபேசியை வாப்பாவிடம் நீட்டினான். திரையில் செத்துப்போன ஓர் இளைஞனின் முகம். எந்த நாடோ தெரியாது. கன்னத்தில் மண். உதட்டில் புன்னகை.

"பாருங்க வாப்பா. ஷஹீத். சிரிச்சிக்கிட்டு ஈக்கிறார். சொர்க்கத்தக் கண்டிட்டார்."

முஹைதீன் திரையை உற்றுப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார்.

"ஒனக்கு நான் சொல்றன், கேளு. உயிர் போனா முதல்ல தாடை விழும். வாய் ஆவென்டு திறந்து நிக்கும். நாங்க சீலத் துண்டால தலையோட சேத்துக் கட்டுற. எந்தப் பக்கம் இழுத்துக் கட்டுறமோ அந்தப் பக்கம் உதடு போகும். ஹாஜியாருக்கும் அதுதான், கள்ளனுக்கும் அதுதான். சிரிக்க வெக்கிறது கட்டுறவன்ட கை மகன்."

"உங்களுக்குச் சாவப் பத்தி ஒன்டும் தெரியா வாப்பா."

முப்பத்தோரு வருஷம் சாவைத் தொட்டுக் கழுவிய மனிதர். அவருக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு மகனைச் சுட்டிருக்க வேண்டும். பல மாதங்களுக்குப் பிறகு அவன் குரல் உயர்ந்தது.

"நீங்க கண்டது பயந்து செத்தவன்ட சாவு. கட்டில்ல கிடந்து செத்தவன்ட சாவு. அண்டைக்கு என்ட வாயப் பொத்தினீங்களே, அந்த மாதிரி ஆக்கள்ட சாவு." மூச்சு வாங்கினான். மறுபடி அந்த அமைதி முகத்தில் வந்து உட்கார்ந்தது. "என்னக் குளிப்பாட்டுற வேல உங்களுக்கு வராது. ஷஹீதக் குளிப்பாட்டுறல்ல. ரத்தத்தோடதான் அடக்குற."

பௌஸியா சமையலறை வாசலில் நின்றபடி நெஞ்சில் கை வைத்தாள். முஹைதீன் எழுந்து கை கழுவினார். மகன் சொன்ன சட்டம் பொய்யல்ல. போர்க்களத்தில் ஷஹீதாக மாண்டவரைக் குளிப்பாட்டுவதில்லை என்பது அவருக்கும் தெரிந்ததுதான். ஆனால் இவன் எந்தப் போர்க்களத்தைப் பேசுகிறான்? சாவுக்கு அஞ்சிய பிள்ளை இவன். எட்டு வயது வரை வாப்பா மய்யித்து வீட்டிலிருந்து வந்தால் கட்டிலுக்கடியில் ஒளிந்தவன். இப்போது அதைக் கல்யாண வீட்டைப் போலப் பேசுகிறான். அவனுக்குச் சாக ஆசை இல்லை, மய்யித்து என்ற பெயரைக் கழுவிக்கொள்ளத்தான் ஆசை என்று முஹைதீனுக்கு அரைகுறையாகப் பட்டது.

அடுத்த நாளே பள்ளி நிர்வாக சபைத் தலைவர் மஹ்மூத் ஹாஜியாரிடம் போனார். எல்லாவற்றையும் சொன்னார். ஹாஜியார் கதிரையில் சாய்ந்து கேட்டார்.

"வாலிபப் புள்ளயள் அப்படித்தான் முஹைதீன். சூடு ஆறினாச் சரியாகிடும்."

"இது சூடு இல்ல ஹாஜியார். அவன் குளிர்ந்து போய் ஈக்கிறான். அந்த ஷிராஸக் கூப்பிட்டு விசாரிங்க. இல்லாட்டி நான் பொலிஸுக்குப் போறன்."

ஹாஜியார் நிமிர்ந்தார். "பொலிஸுக்கா? கடையெல்லாம் எரிஞ்சு எத்தன மாசம்? இப்ப நீங்களே போய் எங்கட ஊருல தீவிரவாதி ஈக்கான் எண்டு எழுதிக் குடுக்கப் போறீங்களா? ஊர்ட மானத்த யோசிங்க. பேசாமப் போங்க. நான் பாக்கிறன்."

முஹைதீன் பேசாமல் போனார். ஊரின் மானத்துக்காகத்தான் போனதாகப் பிறகு தன்னிடமே சொல்லிப் பார்த்தார், ஒட்டவில்லை. மகனைக் கையில் விலங்கோடு பார்க்கப் பயந்துதான் போனார்.

பத்து நாளில் ஷிராஸின் மாடி பூட்டிக் கிடந்தது. அதற்குப் பின் ஒரு கிழமையில், புத்தளத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லி அஸீம் புறப்பட்டான். போகும்போது உம்மாவின் நெற்றியில் முத்தமிட்டான். வாப்பாவுக்கு ஸலாம் மட்டும்.

அவன் புத்தளம் போகவில்லை. பல்லேகலைக்கு அப்பால் மிளகுத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு தனி வீட்டில் இருந்தான். நவம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணியளவில், அந்த வீட்டின் பின்னறை வெடித்தது. நுணுக்கமான கை என்று கடைக்காரர் கொண்டாடிய கை எங்கேயோ பிசகிவிட்டது. அஸீமும் கூட இருந்த இன்னொருவனும் செத்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த நல்லம்மா என்ற பெண்ணும் செத்தாள். அவள் பக்கத்துத் தோட்டத்தின் தொழிலாளர் லயத்தில் குடியிருந்தவள். எந்தப் போரும் அவளிடம் அறிவிக்கப்படவில்லை.

பொலிஸ் ஜீப் முஹைதீனைக் கடையிலிருந்து நேரே கண்டிக்குக் கூட்டிப்போனது. பிரேத அறையில் சீலையைத் தூக்கினார்கள். முகம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அவர் காலைப் பார்த்தார். இடது பெருவிரலின் நகம் கோணலாக இருந்தது. சிறுவயதில் அம்மி விழுந்து கோணியது. "என்ட மகன்" என்று சிங்களத்தில் சொன்னார். கைகள் தாமாக முன்னே போய், திறந்திருந்த காலை மூடின. எத்தனையோ பேருக்குச் செய்த பழக்கம். காவலாளி அவர் கையைத் தட்டிவிட்டான்.

வெளியே வாங்குப் பலகையில் ஒரு மனிதர் கையில் காகிதத்தை வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேலே, காலில் செருப்பில்லை, சட்டையில் புல்லின் கறை. முஹைதீன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஐயா, இது சிங்களத்துல இருக்குங்க. என்னா எழுதணும்னு சொல்ல மாட்டேங்குறாங்க."

முஹைதீன் காகிதத்தை வாங்கினார். சரக்குக் கடை வேலையில் சிங்களம் எழுதப் பழகியிருந்தார். "இறந்தவர்ட பேர்?"

"நல்லம்மா. எங்க வீட்டுக்காரி."

பேனை ஒரு கணம் நின்றது. பிறகு எழுதினார். வயது, முகவரி, கணவன் பெயர் வீரய்யா. எழுதி முடித்து, கையொப்பம் வைக்கும் இடத்தைக் காட்டினார். எழுந்து போய் இரண்டு தேநீர் வாங்கிவந்து ஒன்றைக் கொடுத்தார். வீரய்யா காலையிலிருந்து ஒன்றும் குடிக்கவில்லை. மடமடவென்று குடித்தார்.

"நீங்க யாருக்காக வந்திருக்கீங்கய்யா?"

"சொந்தக்காரப் பொடியன் ஒருத்தன்."

"அடடா. நீங்க நல்லா இருப்பீங்க. இந்த நேரத்துல யாரு செய்வா இப்படி."

அடுத்த நாள் திடீர் மரண விசாரணையில் பெயர்களைக் கூப்பிட்டார்கள். அஸீமின் தகப்பன் யார் என்று கேட்டபோது முஹைதீன் எழுந்து நின்றார். அறையின் மறுபக்கத்தில் இருந்த வீரய்யாவின் பார்வை அவர்மீது விழுந்து அப்படியே நின்றது. விசாரணை முடிந்து வெளியே வந்ததும் வீரய்யா கிட்ட வந்தார்.

"உங்க மகனா?"

"ஓ. என்ட மகன்தான்."

"எம் பேரக் கேட்டு எழுதுனீங்க. அவ பேரக் கேட்டு எழுதுனீங்க. உங்க பேர மட்டும் சொல்லலியே."

அடிப்பார் என்று முஹைதீன் எதிர்பார்த்தார், அடித்தால் நல்லது என்றும் நினைத்தார். வீரய்யா அடிக்கவில்லை. முற்றத்தின் ஓரத்தில் இருந்த குழாயடிக்குப் போனார். தண்ணீரை அள்ளி வாயைக் கொப்புளித்துத் துப்பினார். நேற்றுக் குடித்த தேநீரை இன்று துப்ப முடியாது என்று தெரிந்தும், திரும்பத் திரும்பக் கொப்புளித்தார். கூட வந்த உறவினர்கள் தோளைப் பிடித்து அழைத்துப் போகும்வரை நிறுத்தவில்லை.

அன்று அஸர்த் தொழுகைக்குப் பின் பள்ளியில் நிர்வாக சபை கூடியது. முடிவு முன்பே எடுத்தாயிற்று, அவரிடம் சொல்லத்தான் கூட்டம். அந்த மய்யித்து இந்த மஹல்லாவுக்குள் வரக்கூடாது. மையவாடியில் புதைக்க இடமில்லை. ஜனாஸாத் தொழுகை இல்லை. பத்திரிகைக்கு அறிக்கையும் எழுதியாயிற்று.

"சரி" என்றார் முஹைதீன். "இடம் வேணாம். தொழ வேணாம். ஜமாஅத்துல இருந்து ஒரு கடுதாசி தந்தா அங்கயே வெச்சுக் குளிப்பாட்ட விடுவன் எண்டு பொலிஸ் ஐயா சொல்றார். அதை மட்டும் தாங்க."

"அவன் செஞ்ச வேலைக்குக் குளிப்பு ஒரு கேடா?" என்றார் மஹ்மூத் ஹாஜியார்.

"அதுக்காகத்தான் கேக்கிற ஹாஜியார். ஷஹீதத்தான் குளிப்பாட்டாம அடக்குற. இவன் ஷஹீதில்ல. ஒரு அப்பாவிப் பொம்பளயக் கொன்டவன். இவனக் கட்டாயம் குளிப்பாட்டோணும். மத்த மய்யித்து மாதிரி ஒரு மய்யித்து எண்டு காட்டோணும். இல்லாட்டி அந்த ஷிராஸ்ட ஆக்கள்தான் வெல்லுற."

சபையில் ஒருவருக்கும் அது விளங்கவில்லை. பிள்ளைப் பாசத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது முஹைதீனின் காதிலும் விழுந்தது. அவர் ஹாஜியாரைப் பார்த்து, "நான் வந்து சொன்னதானே உங்களிட்ட" என்றார்.

"என்ன சொன்னீங்க? எனக்கு ஞாபகமில்ல."

அந்த மனிதரின் தகப்பனை, இரண்டு சகோதரர்களைத் தன் மடியில் சாய்த்துக் கழுவியவர் முஹைதீன். அவர்கள் உடம்பில் கண்டதை நினைத்துக்கொண்டார். சொல்லவில்லை. இறங்கி வந்துவிட்டார்.

அஸீமை அரசாங்கக் காணியொன்றில் பொலிஸ் காவலோடு, மூடிய பெட்டியில் புதைத்தார்கள். வாப்பா மட்டும் நின்றார். துஆ ஓதக் கையை உயர்த்தினார், என்ன கேட்பதென்று தெரியாமல் இறக்கிக்கொண்டார். ஷிராஸ் வெடிப்புக்கு ஒன்பது நாளுக்கு முன்பே விமானம் ஏறிவிட்டான் என்று பொலிஸ் சொல்லித்தான் அறிந்தார். மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தான். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட அனுமதிகூட முன்கூட்டியே எடுத்திருந்தானாம்.

வீட்டில் பௌஸியா அழவில்லை. ஒரு கேள்வியை மட்டும் கேட்டாள். "ஊராக்களையெல்லாம் கழுவினீங்க. என்ட புள்ளய அப்படியே விட்டுட்டு வந்தீங்களா?" நடந்ததை அவர் விளக்கினார். அவள் கேட்டுவிட்டு, அடுத்த நாளும் அதையே கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்தினாள், அவரோடு பேசுவதையும் குறைத்துக்கொண்டாள்.

இரண்டு கிழமைக்குப் பின் மஹல்லாவில் ஒருவர் மவுத்தானார். கதவை யாரும் தட்டவில்லை. மாத்தளையிலிருந்து ஒருவரை வேனில் கூட்டிவந்தார்கள். கடையிலும் முதலாளி தயங்கித் தயங்கிச் சொன்னார், வாடிக்கையாளர் வருகிற நேரம் முன்பக்கம் வரவேண்டாமென்று. முஹைதீன் தானே விலகினார். கண்டிச் சந்தையில் பழைய சாக்கு தைக்கும் ஓரிடத்தில் சேர்ந்துகொண்டார். காலையில் பஸ் ஏறிப் போவார், மாலையில் வருவார். அங்கே அவரை யாருக்கும் தெரியாது.

தெரிந்தவன் ஒருவன் வந்தான். பெப்ரவரி மாதம், மத்தியான நேரம். இருபத்திரண்டு வயதிருக்கும். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து ஸலாம் சொன்னான். அவர் கையைப் பிடித்து முத்தமிட்டான்.

"நீங்கதானே அஸீம் நானாட வாப்பா? உங்களப் பாக்கோணும் எண்டு எத்தன நாளா நெனச்சேன்."

முஹைதீன் ஊசியைக் கீழே வைத்தார்.

"கவலப்படாதீங்க வாப்பா. ஊர் உங்களை ஒதுக்கினதெல்லாம் எங்களுக்குத் தெரியும். அல்லாஹ் வேற மாதிரி எழுதியிருக்கான். அவரக் குளிப்பாட்டாமத்தானே அடக்கினாங்க? ஷஹீதுக்கு உள்ள அடையாளம் அதுதானே. ஈமானில்லாத காபிர்களும் வேஷம் போடுற முனாபிக்குகளும் சேந்து, தங்களுக்கே தெரியாம அவருக்கு அந்த மரியாதையச் செஞ்சிட்டாங்க."

மெல்லிய குரல். அதே சிரித்த முகம். அதே மரியாதை. முஹைதீன் அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"நான் கண்டதச் சொல்றன், உட்காரு. ஒரு கால் முழுசா இருந்திச்சி. மற்றதெல்லாம் ரெண்டு தட்டுல. எது அவன்ட, எது மத்தவன்ட எண்டு தெரியாம அள்ளி வெச்சிருந்தாங்க. வெளியில ஒரு மனுஷன் செருப்பில்லாம உட்கார்ந்திருந்தார். அவர்ட பொம்பள மாட்டுக்குப் புல் வெட்டப் போனவ. அவட பேரு நல்லம்மா. எங்க, அந்தப் பேரை ஒருக்காச் சொல்லு பாப்பம்."

அவன் சொல்லவில்லை. கையை விடுவித்துக்கொள்ளவும் முயலவில்லை. பொறுமையாக, பரிதாபத்தோடு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். தொலைபேசியை நீட்டிய நாளில் மகன் பார்த்த பார்வை. முஹைதீனின் பிடி தானாகத் தளர்ந்தது. அவன் எழுந்து மறுபடி ஸலாம் சொன்னான். "உங்களுக்காக துஆச் செய்யிறம் வாப்பா" என்றான். வண்டி கிளம்பிப் போகையில் அதன் இலக்கத்தை முஹைதீன் சாக்குத் துண்டில் கரியால் எழுதிக்கொண்டார்.

இந்த முறை அவர் ஹாஜியாரிடம் போகவில்லை. நேரே பொலிஸுக்குப் போனார். வாயிலில் இருந்தவர் பெயரைக் கேட்டார், எழுதினார், பெயரைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். உள்ளேயிருந்து மூன்று பேர் வந்தார்கள். உன்னைத் தேடி ஏன் வருகிறான்? இதற்கு முன் எத்தனை தரம் வந்தான்? இப்போது மாட்டிக்கொள்வோம் என்று பயந்து முந்திக்கொண்டாயா? அவர் சொன்னதையே சொன்னார். மூன்று நாள் வைத்திருந்தார்கள். சாக்குத் துண்டை யாரோ மேசைக்கடியில் எறிந்திருந்ததை இரண்டாம் நாள் கண்டார். எடுத்துத் தூசி தட்டி மறுபடி மேசையில் வைத்தார். விட்டபோது ஓர் அதிகாரி சொன்னார், அந்த இலக்கத்துக்குரியவர் வண்டியை இரண்டு வருஷத்துக்கு முன் விற்றுவிட்டாராம்.

வீட்டுக்கு வந்து வாங்கில் உட்கார்ந்தார். பௌஸியா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். பல வாரங்களுக்குப் பின் அவளாகப் பேசினாள்.

"அந்தப் புள்ளட பேரென்ன?"

"கேக்கல்ல."

"எந்த ஊர்?"

"கேக்கல்ல."

"அவனுக்கும் ஒரு உம்மா இருப்பாளே" என்றாள். "பேரக் கேட்டிருந்தா நான் போய்ப் பாத்திருப்பேனே."

அவருக்கு அது தோன்றவே இல்லை. வண்டி இலக்கம் தோன்றியது, பெயர் தோன்றவில்லை.

ஏப்ரல் மாதம் அந்த ஈஸ்டர் ஞாயிறு வந்தது. தேவாலயங்களில், ஹோட்டல்களில் குண்டுகள் வெடித்தன. சந்தை மூடிக் கிடந்தது, பஸ் இல்லை, நிஹாரா வெளியே போகப் பயந்தாள். அடுத்த நாட்களில் பத்திரிகையில் குண்டுதாரிகளின் படங்கள் வந்தபோது, முஹைதீன் அதை மேசையில் விரித்து மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பௌஸியா அவருக்குப் பின்னால் நின்றாள்.

"அந்தப் புள்ள ஈக்கானா?"

"இல்ல."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் அவள்.

அவரால் அதைச் சொல்ல முடியவில்லை. இதில் இல்லை என்றால் இன்னும் எங்கேயோ இருக்கிறான், யாரோ ஒருவரின் கையை முத்தமிட்டு மெல்லிய குரலில் பேசிக்கொண்டு. பத்திரிகையை மடித்தார். மடிக்கும்போதே வெளியில் ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, அவர்கள் தட்டுவதற்கு முன்பே கதவைத் திறந்தார்.